கோட்டுக்குள் மறைந்திருக்கும் புள்ளிகள்

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்புப் பக்கத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ஓசூர் சாலையின் தலைக்கு மேலேயே இன்னொரு சாலை ஓடுகிறது. 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட இந்த உயர்மட்ட விரைவுச்சாலையின் நீளம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மேலே போகிறவர் சுங்கம் கட்டுகிறார். கீழே போகிறவர் நெரிசலில் நிற்கிறார். இந்தத் தடத்தில் சென்ற ஒரு வாடகைக் காரின் ஜி.பி.எஸ். பதிவை வரைபட மென்பொருளில் திறந்தால் தெளிவான நீலக் கோடு ஒன்று சாலையோடு ஒட்டிப் போகும். கார் மேலே போனதா, கீழே போனதா என்பதை மட்டும் அந்தக் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு சாலைகளுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒன்றுதான். உயரத்தில் சில மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் போனிலுள்ள ஜி.பி.எஸ். உயரத்தை அளக்கும்போது வரும் பிழை பல நேரங்களில் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். சுங்கத்தொகையை யார் தருவது என்று பயணிக்கும் ஓட்டுநருக்கும் தகராறு வந்தால், தீர்த்துவைப்பது ஃபாஸ்டாக் ரசீதாகத்தான் இருக்கும். ஆனால் திரையில் தெரியும் கோட்டில் இந்தச் சந்தேகத்தின் சாயல்கூட இருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்தக் கோட்டுக்கு வழியே இல்லை.

இது ஏதோ ஒரு சாலையின் விசித்திரம் என்று விட்டுவிடக்கூடாது. பெங்களூரில் இன்று எத்தனையோ முடிவுகள் இப்படிப்பட்ட கோடுகளைப் பார்த்து எடுக்கப்படுகின்றன. உணவு கொண்டுபோகும் இளைஞருக்கு எத்தனை கிலோமீட்டருக்குக் கூலி, ஆப் வழியாக வந்த ஆட்டோவுக்கு எவ்வளவு கட்டணம், ஐ.டி. நிறுவனத்தின் இரவு வண்டி ஊழியரை வாசலில் இறக்கியதா தெருமுனையிலேயே விட்டுச் சென்றதா, விபத்து நடந்த நிமிடத்தில் லாரி எங்கே இருந்தது, எந்தச் சந்திப்பில் நெரிசல் அதிகம் என்பதெல்லாம் அவற்றில் அடக்கம். மூன்று சக்கர வாகனம் போன்ற சில விலக்குகள் தவிர, 2019 ஜனவரி 1-க்குப் பிறகு பதிவான பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்பது மத்திய அரசின் விதி. இவ்வளவு சாட்சிகள் குவிந்திருக்கும் ஊரில் சாட்சியை எப்படி வாசிப்பது என்பது பொது அறிவாக இருக்க வேண்டும். அடிப்படை விஷயம் ஒன்று உண்டு. கருவி பதிவு செய்வது புள்ளிகளை மட்டுமே. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுப்பது மென்பொருள். புள்ளி ஓர் அளவீடு, கோடு ஓர் ஊகம். ஊகத்தைப் பளிச்சென்று காட்டிவிட்டு அளவீட்டை மறைத்துவைக்கும் இன்றைய வழக்கம் தவறானது. பயணம் செய்தவர் கைக்குப் புள்ளிகள் வந்து சேர வேண்டும். இந்தக் கட்டுரை வாதிடுவது இதற்காகத்தான்.

முதலில் புள்ளி எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் தன் அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நம் இடத்தின் மூன்று அச்சுகளையும் நம் கருவிக் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கணக்கிடலாம். ஒளி ஒரு நானோநொடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போய்விடும் என்பதால், நூறு கோடியில் சில பங்கு நொடிப் பிழைகூட மீட்டர் கணக்கில் வெளிப்படும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதத்தில் நீக்கிய பிறகுதான் இந்தத் தொழில்நுட்பம் தெருவுக்கு வந்தது. இன்று திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண ஸ்மார்ட்போனின் துல்லியம் சுமார் 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தகவல் தளம் சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டிய சொற்கள் ‘திறந்த வானத்தின் கீழ்’ என்பவை. வெளிவட்டச் சாலையின் கண்ணாடி அலுவலகங்களுக்கு நடுவே சமிக்ஞை நேராகவும் வருகிறது, சுவரில் பட்டுத் திரும்பியும் வருகிறது. பட்டு வந்தது கூடுதல் தூரம் பயணித்திருக்கும். அதை நேராக வந்ததென்று எண்ணிக் கணக்கிட்டால் புள்ளி அடுத்த தெருவில் போய் விழும்.

பெங்களூருக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான இன்னொரு சங்கடம் தலைக்கு மேலே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வு மையம் அமைத்திருப்பதே இதனால்தான். இந்தப் பகுதியின் மேலுள்ள அயனி மண்டலம் லண்டன், பாரிஸ் நகரங்களின் மேலுள்ளதைவிடக் கொந்தளிப்பானது. பகலில் சூரியன் உருவாக்கும் எலெக்ட்ரான்கள் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. சூரியன் மறைந்த பிறகு, குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய காலத்தில், இந்த மண்டலத்தில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் எழுந்து சமிக்ஞையை நடுங்கவைக்கின்றன. ஒற்றை அலைவரிசைக் கருவிகள் பயன்படுத்தும் திருத்தச் சூத்திரம் இந்தத் தாமதத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் நீக்குகிறது. இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் போன்களால் மிச்சத்தில் பெரும்பகுதியைக் களைய முடியும். விமானங்களுக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு இதே பிழையைத்தான் நிலத்திலிருந்து அளந்து திருத்தம் அனுப்புகிறது. அதன் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரின் குந்தலஹள்ளியில் இருக்கிறது. மேலைநாட்டுச் சோதனையில் வந்த துல்லிய எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது என்பதற்காகவே இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, புள்ளி பிறந்துவிட்டது. அது எங்கே எழுதப்படுகிறது? பயணப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளப் பரவலாகப் பயன்படுவது 2002-இல் வந்த ஜி.பி.எக்ஸ். என்னும் கோப்பு வடிவம். அதைச் சாதாரண எழுத்துக்கோப்பாகவே திறந்து படிக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, விரும்பினால் உயரம், நேரம் என்று வரிசையாக இருக்கும். பெங்களூர் என்றால் 12.97, 77.59 என்று தொடங்கும் எண்கள். தசமத்துக்குப் பின் ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரையும், ஏழாவது இலக்கம் ஒரு சென்டிமீட்டரையும் குறிக்கும். பல கோப்புகளில் ஏழு இலக்கங்களுக்கு மேலும் இருக்கும். ஐந்து மீட்டர் பிழையுள்ள அளவீட்டைச் சென்டிமீட்டர் வரை எழுதுவதால் அது துல்லியமாகிவிடாது. எத்தனை செயற்கைக்கோள்களைப் பார்த்தது, அவை வானில் எவ்வளவு நன்றாகப் பரவியிருந்தன என்பதைக் குறிக்கவும் இந்த வடிவத்தில் இடம் உண்டு. ஆனால் அது கட்டாயமில்லை என்பதால் பல மென்பொருள்கள் அதைக் காலியாக விட்டுவிடுகின்றன. ஆண்ட்ராய்டு போனில் நம் இருப்பிடத்தைச் சுற்றித் தெரியும் வெளிர்நீல வட்டம் இந்த நிச்சயமின்மையைத்தான் காட்டுகிறது. நாம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு நாம் வட்டத்துக்கு வெளியே இருக்கிறோம் என்பதற்கு. பயணம் முடிந்து பதிவைத் திறக்கும்போது அந்த வட்டங்கள் பெரும்பாலும் மறைந்து, கோடு மட்டும் எஞ்சும். நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஜி.பி.எக்ஸ். கோப்பில் நேரம் உலகப் பொது நேரமாக எழுதப்படும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. 5-ஆம் தேதி அதிகாலை 4 மணிப் பயணம் கோப்பில் 4-ஆம் தேதி இரவு 10:30 என்று இருக்கும். இதை அறியாதவர் முன் அந்தக் கோப்பை வைத்தால் நாளே மாறிவிடும்.

இனிக் கோட்டுக்கு வரலாம். பாட்டரியை மிச்சப்படுத்தவும் டேட்டாவைக் குறைக்கவும் பல கருவிகள் நொடிக்கு ஒரு புள்ளி எடுக்காமல் சில நொடிகளுக்கு ஒன்று எடுக்கின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. 30 நொடி இடைவெளியில் 300 மீட்டரைத் தாண்டிவிடும். அந்த 300 மீட்டருக்குள் ஒரு வளைவு, ஒரு சந்து, ஒரு யு-டர்ன் எல்லாம் நடந்து முடிந்திருக்கலாம். மென்பொருளுக்கு அவை எதுவும் தெரியாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோடு போட்டுவிடும். இதைக் கண்கூடாகப் பார்க்க நம்ம மெட்ரோவின் ஊதா வழித்தடம் போதும். 2016 ஏப்ரலில் திறக்கப்பட்ட சுரங்கப் பகுதி கப்பன் பார்க்கில் தொடங்கி விதான சவுதா, மெஜஸ்டிக் வழியாக நகர ரயில் நிலையம் வரை போகிறது. ரயில் நிலத்துக்குள் இறங்கியதும் செயற்கைக்கோள் சமிக்ஞை நின்றுவிடும். வெளியே வந்ததும் முதல் புள்ளி விழும். வரைபடத்தில் பார்த்தால் பயணி கட்டடங்களையும் சாலைகளையும் ஊடுருவிக்கொண்டு நேராகப் பறந்ததுபோல ஒரு கோடு இருக்கும். பூங்காவில் நடந்த தடத்தின் கோடும் இந்தக் கோடும் ஒரே நிறம், ஒரே தடிமன். ஒன்று நூற்றுக்கணக்கான அளவீடுகளால் ஆனது, மற்றொன்றில் இரண்டு முனைகளைத் தவிர அளவீடே இல்லை. இந்த வேறுபாட்டைக் காட்டாத திரை பார்ப்பவரைத் தவறான நம்பிக்கைக்கு இட்டுச்செல்கிறது என்றே சொல்ல வேண்டும். இடைவெளியைப் புள்ளிக்கோடாகவோ மங்கலாகவோ வரைவது ஒன்றும் கடினமான வேலையில்லை.

வளைவுகளை வெட்டுவதால் தூரம் குறையும் என்றால், வேறொரு காரணத்தால் கூடவும் செய்கிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் புள்ளிகள் ஒரே இடத்தில் விழுவதில்லை; சிக்குண்ட நூற்கண்டுபோலச் சுற்றிச்சுற்றி விழும். ஒவ்வொரு நொடியும் அரை மீட்டர் தள்ளி விழுந்தாலே இரண்டு நிமிடச் சிக்னலில் வண்டி அசையாமல் 60 மீட்டர் ஓடியதாகக் கணக்காகிவிடும். நகரும் வண்டியிலும் இது உண்டு. உண்மையான தடத்திலிருந்து புள்ளி இடப்பக்கம் விலகினாலும் வலப்பக்கம் விலகினாலும் இரண்டு புள்ளிகளுக்கிடையிலான நீளம் கூடத்தான் செய்யும். இடவிலகலும் வலவிலகலும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. ஜி.பி.எஸ். புள்ளிகளைக் கூட்டி அளக்கும் தூரம் சராசரியில் உண்மையைவிட அதிகமாகவே வரும் என்பதை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் கணிதமாகவே நிறுவியிருக்கிறார்கள். ஆகவே நல்ல மென்பொருள்கள் நின்ற இடத்துப் புள்ளிகளை வடிகட்டுகின்றன, கோட்டைச் சீராக்குகின்றன, சிறிய விலகல்களை 1973-இல் டக்ளஸும் பாய்க்கரும் தந்த முறைப்படி நீக்குகின்றன. எவ்வளவு வடிகட்டுவது என்பதற்கு இயற்கையான விடை எதுவும் இல்லை. அது நிரல் எழுதியவரின் தீர்மானம். ஒரே கோப்பை மூன்று மென்பொருள்களில் திறந்தால் மூன்று விதமான மொத்தத் தூரங்கள் வருவது இதனால்தான்.

தூரக் கணக்கில் சேரும் மற்றொரு பிழை வரைபடத்துடையது. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் வீழலின் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் நடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாம் பெரிதாகத் தெரியும். பெங்களூர் இருக்கும் 13 பாகை அட்சரேகையில் இந்தப் பெருக்கம் சுமார் 2.6 சதவீதம். பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்காமல் தட்டையான திரை ஆயத்தொலைவுகளை வைத்து அளந்தால் 10 கிலோமீட்டர் 10.26 ஆகிவிடும். க்யூ.ஜி.ஐ.எஸ். போன்ற மென்பொருள்களில் பூமியின் வடிவத்தைக் குறிக்கும் நீள்வட்டக் கோளத்தின் மீது அளக்கும்படி அமைப்பை வைத்துக்கொண்டால் இது வராது. அப்படி வைத்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. 2025 ஆகஸ்ட் முதல் பெங்களூரில் ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்பது அரசு நிர்ணயம். 10 கிலோமீட்டருக்கு 180 ரூபாய். தூரக் கணக்கில் 5 சதவீதம் பிசகினால் 9 ரூபாய் கூடும் அல்லது குறையும். ஒரு சவாரிக்கு இது சின்னத் தொகை. நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு, அதுவும் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், மாதக் கடைசியில் அது சின்னத் தொகையாக இருக்காது.

உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தென்னிந்தியாவுக்கென்றே ஒரு வினோதம் இங்கே இருக்கிறது. ஜி.பி.எஸ். நேரடியாகத் தருவது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம் அன்று. பூமியை வழவழப்பான நீள்வட்டக் கோளமாகக் கற்பனை செய்து அதன் பரப்பிலிருந்து உள்ள உயரத்தைத் தருகிறது. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்புவிசையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து அந்தக் கோளத்துக்கு மேலும் கீழும் போகும். உலகிலேயே அது மிகக் கீழே இறங்கியிருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்; சுமார் 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் பெங்களூரும் சென்னையும் மதுரையும் இருக்கின்றன. பெங்களூரில் இந்த வித்தியாசம் 85 மீட்டருக்கு மேல். ஆகவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரை, திருத்தாத பதிவு 830-க்கும் 840-க்கும் நடுவே காட்டும். சென்னைக் கடற்கரையில் நடந்தவர் கடலுக்கு அடியில் 80, 90 மீட்டர் ஆழத்தில் நடந்ததாகக் கோப்பு சொல்லும். சில மென்பொருள்கள் இதைத் திருத்திக் காட்டுகின்றன, சில காட்டுவதில்லை. கோப்பில் பெரும்பாலும் எந்தக் குறிப்பும் இருக்காது. இதோடு ஒப்பிட்டால் ஓசூர் சாலையின் மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் உள்ள வித்தியாசம் எம்மாத்திரம்?

கிடைமட்டத்திலும் இப்படி ஒரு பழைய கணக்கு உண்டு. இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் பணிக்கு முன்னோடியாக வில்லியம் லாம்டன் 1800-இல் அடிக்கோடு அளந்தது பெங்களூருக்கு அருகில்தான். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அளந்த அடிக்கோடு பின்னால் வந்தது. அந்த அளவைகளிலிருந்து எழுந்த இந்திய நிலவரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டக் கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யு.ஜி.எஸ். 84 என்னும் வேறொரு கோளத்தை. உரிய மாற்றம் செய்யாமல் இன்றைய பயணப் பதிவைப் பழைய வரைபடத்தின் மேல் வைத்தால் தடம் முழுவதும் நூறு மீட்டருக்கும் அதிகமாக நகர்ந்து நிற்கும். இந்தப் பிழைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே அளவில் நகர்ந்திருக்கும். புள்ளிகளைப் பார்க்கிறவருக்கு உடனே புரிந்துவிடும். பிழையின் வடிவமே அதன் காரணத்தைச் சொல்லிவிடும். இந்த வசதியைத்தான் அடுத்து வரும் ஏற்பாடு அழித்துவிடுகிறது.

அந்த ஏற்பாடு, புள்ளிகளைச் சாலையோடு ஒட்டவைப்பது. வண்டி சாலையில்தானே போயிருக்க வேண்டும் என்ற நியாயத்தில், வரைபடத்திலுள்ள சாலைகளில் எந்த வரிசையாகப் போனால் இந்தப் புள்ளிகள் கிடைத்திருக்கும் என்று மென்பொருள் நிகழ்தகவு கணக்கிடுகிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முறை ஒன்று இதில் பரவலாகக் கையாளப்படுகிறது. ஒரு புள்ளி எந்தச் சாலைக்கு அருகில் இருக்கிறது என்பதோடு, ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குச் சாலை வழியே போக முடியுமா என்பதையும் அது சேர்த்துப் பார்க்கிறது. மேம்பாலத்தில் ஏறும் சரிவுப் பாதை எங்கே, நடுவில் வண்டி சிக்னலில் நின்றதா, ஒரே சீராக ஓடியதா என்பதை வைத்து மேலா கீழா என்றுகூட ஓரளவு ஊகிக்க முடியும். அறிவுத்திறம் மிக்க கணிதம் இது. இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்படித் திருத்திய கோடு உண்மைக்கு நெருக்கமாகத்தானே இருக்கிறது, பிறகு புள்ளி எதற்கு என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒட்டவைத்த கோடு, வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் சாலைகளில் மட்டுமே போக முடியும். வரைபடத்தில் இல்லாத சாலையில் போனவர் இருக்கும் சாலையில் போனதாகவே காட்டப்படுவார். ஏரிக்கரை ஓரத்துப் புதுத் தெரு, வெள்ளத்தால் அடைபட்ட சாலைக்கு மாற்றாகப் போன மண்பாதை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்வாசலைத் தேடி டெலிவரி இளைஞர் சுற்றிய அரைக் கிலோமீட்டர் எல்லாமே இதில் காணாமல் போகும். அவர் உழைத்ததற்கான சான்று புள்ளிகளில் இருந்தது. திருத்தம் அதைத் துடைத்துவிட்டது.

தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதற்கு எதிர்த்திசையில் நல்ல சான்று. 2004-இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் அதைத் தொடங்கியபோது பயன்படுத்தத் தடையில்லாத வரைபடம் எதுவும் கைவசம் இல்லை. தன்னார்வலர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தெருத்தெருவாகப் போய்வந்தார்கள். பதிவான புள்ளிகளைத் திரையில் பரப்பி, பல பேருடைய தடங்கள் அடர்த்தியாக விழுந்த இடங்களைப் பார்த்துச் சாலை வரைந்தார்கள். ஒரு தடம் ஐந்து மீட்டர் தவறலாம், இருபது தடங்களின் நடுப்பகுதி அவ்வளவு தவறாது. சாலை புள்ளிகளிலிருந்து பிறந்தது. முதல் நாளிலிருந்தே எல்லாத் தடங்களும் ஏதோ ஒரு பழைய வரைபடத்தோடு ஒட்டவைக்கப்பட்டிருந்தால் அந்த வரைபடம் உருவாகியே இருக்க முடியாது. பெங்களூர்போல வருடந்தோறும் புது லே-அவுட்டுகளும் ஒருவழிப்பாதை மாற்றங்களும் மெட்ரோப் பணித் தடுப்புகளும் வரும் ஊரில், வரைபடத்தைத் திருத்தும் ஆற்றல் பயணப் பதிவுகளுக்கு இருக்க வேண்டுமே தவிர, பதிவுகளைத் திருத்தும் அதிகாரத்தை வரைபடத்துக்கு மட்டும் கொடுத்துவிடக்கூடாது.

துல்லியம் நாளுக்கு நாள் கூடிவருகிறது, சீக்கிரம் இந்தப் பேச்சே தேவைப்படாது என்பார்கள். பிழை குறைந்து வருவது உண்மை. 2023 மே மாதம் இஸ்ரோ ஏவிய என்.வி.எஸ்-01 வழியாக, இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக் சாதாரண போன்கள் கேட்கும் எல்1 அலைவரிசையிலும் பேசத் தொடங்கியிருக்கிறது. ஆயினும் செயற்கைக்கோள் எவ்வளவு துல்லியமானாலும் சுரங்கத்துக்குள் சமிக்ஞை வரப்போவதில்லை, 30 நொடி இடைவெளி நிரம்பப்போவதில்லை, மெர்கேட்டர் பெருக்கம் குறையப்போவதில்லை. கோட்டின் பிழைகளில் பெரும்பாலானவை வானத்தில் இல்லை, மென்பொருளில் இருக்கின்றன. பெரும் எண்ணிக்கையில் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. 2023-இல் பெங்களூரின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 நொடி ஆனது என்று டாம்டாம் நிறுவனம் சொன்னது இப்படிப்பட்ட எண்ணற்ற தடங்களைக் கூட்டித்தான். நகரத்தின் சராசரி வேகத்தை அறிய அது நம்பத்தக்க வழி. ஆனால் இடவலமாகச் சிதறும் பிழைதான் சராசரியில் கரையும். எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழை எத்தனை லட்சம் தடங்களைக் கூட்டினாலும் கரையாது. தடம் பதியும் காரில் போகிறவர்கள் கணக்கில் வருகிறார்கள், நடந்து போகிறவர் வருவதில்லை என்பதும் அந்த வகைச் சாய்வுதான். அதோடு, கூலி கேட்டு நிற்கும் ஒரு தொழிலாளிக்கு நகரத்தின் சராசரி எந்த விதத்திலும் உதவாது. அவருடைய ஒற்றைப் பயணம்தான் அங்கே வழக்கு.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு அந்தரங்கம் பற்றியது. புள்ளிகளை வெளியே கொடுத்தால் ஒருவர் எங்கே வசிக்கிறார், எந்த மருத்துவரிடம் போகிறார், எந்தக் கோயிலிலோ கட்சி அலுவலகத்திலோ நேரம் செலவிடுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடுமே என்ற கவலை முழுக்க நியாயமானது. 15 லட்சம் பேரின் செல்போன் இருப்பிடத் தரவை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. பெயரை நீக்கிவிட்டோம் என்பது பாதுகாப்பே இல்லை. ஓட்டப்பயிற்சிப் பதிவுகளைத் திரட்டி ஸ்ட்ராவா நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனங்களில் மறைந்திருந்த ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்ந்ததை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் கவனித்துச் சொன்னார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய வழக்கைத் தொடுத்தவரே பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமிதான். அதே நீதிமன்றம் 2024 ஜூலையில், ஜாமீனில் வருபவர் தன் கூகுள் மேப்ஸ் இருப்பிடத்தைக் காவல்துறைக்குத் தொடர்ந்து தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்றது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டேதான் புள்ளிகளைக் கேட்கிறேன். புள்ளிகள் போக வேண்டியது ஊருக்கு அன்று, பயணம் செய்தவருக்கு. இன்றைய நிலையில் நிறுவனத்தின் கையில் புள்ளிகளும் உழைத்தவரின் கையில் கோடும் இருக்கின்றன. அந்தரங்கத்துக்கு ஆபத்து நிறுவனம் வைத்திருப்பதால் வருகிறதே தவிர, தன் பயணத்தைத் தானே பார்ப்பதால் ஒருவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. வெளியே காட்டும்போது வீட்டை ஒட்டிய தொடக்கப் பகுதியையும் முடிவுப் பகுதியையும் வெட்டிவிடும் வசதி பல மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது.

சட்டத்தில் இதற்கு இடம் பாதிதான் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. தரவை அப்படியே பெற்று வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை முந்தைய வரைவுகளில் இருந்தது; இறுதிச் சட்டத்தில் விடுபட்டுவிட்டது. சுருக்கம் என்பது இந்த விஷயத்தில் கோட்டைத்தான் குறிக்கும். ஐரோப்பாவில் தன் தரவைக் கேட்டுப் பெறும் உரிமை இருப்பதால், ஊபரையும் பெங்களூரில் வேரூன்றிய ஓலாவையும் எதிர்த்து ஓட்டுநர்கள் தொடுத்த வழக்குகளில், ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தரவுக்கான ஓட்டுநர்களின் கோரிக்கையைப் பெருமளவு ஏற்றது. இங்கே கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் நலச் சட்டம், தானியங்கிக் கண்காணிப்பும் முடிவெடுப்பும் எப்படி நடக்கின்றன என்பதைத் தொழிலாளருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்கிறது. நாட்டில் முன்னே வந்த சட்டங்களில் ஒன்று அது, பாராட்ட வேண்டியது. இதன் நடைமுறையில் ஒரே ஒரு ஏற்பாட்டைச் சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு பயணத்தின் திருத்தாத புள்ளிகளும், அவற்றின் நேரமும் துல்லிய அளவும், ஜி.பி.எக்ஸ். போன்ற திறந்த வடிவத்தில் அந்தத் தொழிலாளர் கேட்டவுடன் கிடைக்க வேண்டும். கோப்பின் அளவு ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

அதுவரை வாசகர் செய்யக்கூடியவை சில உண்டு. முக்கியமான பயணங்களை ஒஎஸ்எம்ஆண்ட் போன்ற இலவச ஆப்பில் நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள், நொடிக்கு ஒரு புள்ளி என்று அமைத்து. யாராவது உங்கள் முன் ஒரு தடத்தைச் சான்றாக வைத்தால், கோட்டை அணைத்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை நொடி என்று கேளுங்கள். நேரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமா என்று கேளுங்கள். சாலையோடு ஒட்டவைத்ததா, தூரத்தை எதன் மீது அளந்தது என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை தர முடியாதவர் காட்டும் கோட்டை ஏற்று ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் செய்யவோ, கூடுதலாக வாங்கவோ விடாதீர்கள்.